சாக்கு நிறையப் பனி

மே 2, வெள்ளி

ஆழ்ந்த துயரத்துடன் அறிவிக்கப்படுவது யாதெனில், என் இடதுகால் செருப்பு இன்று காலை எட்டு நாற்பதுக்கு, பால் வாங்கப் போகும் வழியில், வார் அறுந்து இயற்கை எய்தியது. வயது பதினொரு மாதம். அன்னாருக்கு வலதுகால் செருப்பு ஒன்று உண்டு. அது துக்கம் அனுஷ்டிப்பதால் நாளெல்லாம் வெறுங்காலோடு திரிந்தேன். உதகையில் வெறுங்கால் என்பது வீரச்செயல். குறித்துக்கொள்க.

இனி உள்ளூர்ச் செய்திகள். ப்ளஸ் ஒன் பரீட்சை முடிந்தது. பல்கலைக்கழக மெயின் பில்டிங்கைப் புதுப்பிக்கிறார்கள். வெள்ளைக்காரன் காலத்துக் கல் கட்டடம். குளிர் தாங்காமல் அவன் அன்றைக்கே பாய்லர் வைத்து, அறைக்கு அறை நீராவிக் குழாய் ஓட்டியிருக்கிறான். அந்தப் பழைய குழாய்களைப் பிடுங்கிப் புதுசு போடுவதுதான் இந்த லீவு முழுக்க வேலை. என் அப்பா மாசிலாமணி இருபத்திரண்டு வருடமாக அங்கே குழாய் பிட்டர். கட்டடத்துக்குப் பின்னால் ஊழியர் குவார்ட்டர்ஸில் இருக்கிறோம்.

பாய்லர் அறையிலிருந்து மெயின் பில்டிங்குக்கு மண்ணுக்கடியில் ஒரு சுரங்கம் போகிறது. உள்ளே குழாய்கள் மட்டும்தான். நீராவிக் குழாய் என்றால் ஆவி இருக்கத்தானே செய்யும் என்று இங்கே பிள்ளைகள் யாரும் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. என் சிநேகிதன் போஜன் இன்று, "நீ உள்ள போயிட்டு வந்துட்டா என் பேரை மாத்திக்கிறேன்டா குணா" என்றான்.

அவனுக்குப் புதுப் பெயர் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மே 4, ஞாயிறு

போனேன். பார்த்தேன். திரும்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் வேலை இல்லை. போஜன் முன்வாசலில் வாட்ச்மேனிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்க, நான் தன்னந்தனியாகச் சுரங்கத்துக்குள் இறங்கினேன். கும்மிருட்டு. குனிந்துதான் நடக்க முடியும். முதல் வளைவில் எலி. இரண்டாவது வளைவில் எலியைவிடப் பெரிதாக ஒன்று. நான் முறைத்தேன், அது ஒதுங்கியது. கால் நடுங்கவே இல்லை. மூன்றாவது வளைவில் குழாயைச் சுற்றி வெள்ளையாகப் பஞ்சு மாதிரி கட்டியிருந்தார்கள். சாட்சிக்கு ஒரு சாக்கு நிறையப் பிய்த்துக்கொண்டு வந்தேன்.

போஜன் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். சாயங்காலத்துக்குள் குவார்ட்டர்ஸ் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் எனக்கு சல்யூட் அடித்தான்.

மே 6, செவ்வாய்

என் தங்கை நித்திலாவுக்கு இன்று எட்டு வயது. ஒரு மாதமாக ஒரே நச்சரிப்பு. "அண்ணா, பர்த்டேக்கு எனக்கு ஸ்னோ வேணும்." பஸ் ஸ்டாண்டில் ஒரு டூரிஸ்ட் அம்மா அவளிடம், "பாப்பா, இங்க ஸ்னோ எங்க விழும்?" என்று கேட்டுத் தொலைத்ததன் விளைவு. உதகையில் உறைபனி படியும், புல்லைக் கருக்கும். வானத்திலிருந்து பஞ்சு பஞ்சாக விழாது. அதுவும் மே மாதத்தில்?

குணசீலன் இருக்கும் வீட்டில் விழும்.

அம்மா மார்க்கெட்டுக்குப் போன நேரம். நித்திலாவின் அறைக்கு மேலே பலகைப் பரண் இருக்கிறது. நடுப்பலகையைக் கழற்றிவிட்டு, சாக்கோடு மேலே உட்கார்ந்து பிய்த்துப் பிய்த்து உதிர்த்தேன். "வானிலை அறிக்கை! நீலகிரி மாவட்டத்தில், குறிப்பாக நித்திலாவின் கட்டில் பகுதியில், கனத்த பனிப்பொழிவு!" கீழே குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் ஆறு பேர், கூடவே போஜன். ஜன்னல் வெயிலில் வெள்ளை வெள்ளையாகச் சுழன்று இறங்கியது. எனக்கே ஒரு நிமிடம் நிஜம் போலத்தான் இருந்தது. நித்திலா கட்டில்மேல் ஏறி நின்று நாக்கை நீட்டிப் பிடித்தாள்.

"அண்ணா, நாக்குல கரையவே மாட்டேங்குது!"

"இம்போர்ட்டட் பனிடீ. மெதுவாத்தான் கரையும்."

அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சிரித்தால் இளைப்பு வந்துவிடும் என்று பாதியிலேயே நிறுத்திக்கொள்கிற பிள்ளை. வீசிங் உண்டு, பள்ளிக்கூடப் பையிலேயே பம்ப் இருக்கும். இன்று நிறுத்தவில்லை.

அம்மா வந்து எல்லாரையும் திட்டிவிட்டு விளக்குமாற்றால் கூட்டினார். பாதிச் சாக்கு மிச்சம். பரணிலேயே போட்டுவைத்திருக்கிறேன், கிறிஸ்துமஸுக்கு ஆகும்.

மே 7, புதன்

எல்லாருக்கும் கை அரிக்கிறது. பனிக்கடி என்று அறிவித்துவிட்டேன்.

மே 9, வெள்ளி

வேலையை நிறுத்திவிட்டார்கள். காலையில் வேன் வந்தது. தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு, முகத்தில் பன்றி மூக்கு மாதிரி மாஸ்க் போட்ட நாலு பேர் இறங்கி, பாய்லர் அறைக்கும் மெயின் பில்டிங்குக்கும் மஞ்சள் டேப் கட்டினார்கள். பிறகு ஃபரீதா மேடம் என்று ஒரு பாதுகாப்பு அதிகாரி, கேன்டீன் ஷெட்டில் எல்லாரையும் உட்காரவைத்துப் பேசினார். நான் அந்தப் பக்கம் போனது தற்செயல்.

"பழைய குழாய் மேல சுத்தியிருக்கே வெள்ளையா, அதை யாரும் தொடாதீங்க. சுரங்க வாசல்ல எடுத்த சாம்பிள் ரிப்போர்ட் வந்திருச்சு. ஆஸ்பெஸ்டாஸ்."

"எங்க வீட்டுக் கூரையே அதான மேடம்?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை.

"கூரை ஷீட்ல சிமென்ட்டோட கெட்டியா இருக்குங்க. இது உதிரும். கண்ணுக்கே தெரியாத ஊசி மாதிரி பறக்கும். மூச்சுல உள்ள போனா வெளிய வராது. உடனே ஒண்ணும் தெரியாது. இருபது வருஷம், முப்பது வருஷம் கழிச்சு நுரையீரல்ல காட்டும்."

அப்பா, "நாங்க வெறுங்கையாலயே..." என்று ஆரம்பித்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

எட்டும் இருபதும் இருபத்தெட்டு. எட்டும் முப்பதும் முப்பத்தெட்டு. எனக்குக் கணக்கு வராது என்று எங்கள் வாத்தியார் சொல்வார். இது வந்தது.

மற்றபடி இதற்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை. தகவலுக்காக எழுதுகிறேன்.

மே 10, சனி

இன்று நான் செய்தவை: வீடு முழுக்க ஈரத்துணியால் இரண்டு முறை துடைத்தேன். நித்திலாவின் போர்வை, தலையணை உறை, பிறந்தநாள் கவுன் மூன்றையும் வாளியில் முக்கித் துவைத்தேன். துவைக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டேன். விளக்குமாற்றை ஒளித்துவைத்தேன்.

அம்மா இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தார். "ஏன்டா, குடிச்ச டம்ளரையே நகத்தி வெக்க மாட்ட. என்ன திருட்டுத்தனம் பண்ணின?"

"தாய்க்குத் தொண்டும்மா."

"வெளக்குமாறு எங்க?"

"ஓய்வு பெற்றுவிட்டது."

அம்மா சிரித்தார். என்னைப் பார்த்து எல்லாரும் சிரித்துவிடுகிறார்கள். அதுதான் கஷ்டம்.

மே 11, ஞாயிறு

நித்திலா: காலையில் நாலு இருமல், மத்தியானம் இரண்டு, சாயங்காலம் ஒன்பது.

அப்பா: எண்ணவில்லை. அப்பா எப்போதும் இருமுவார்.

மே 13, செவ்வாய்

பரண் பலகைகளுக்கு நடுவே விரல்கடை இடைவெளி இருக்கிறது. காற்றடித்தால் ஏதோ உதிர்கிறது. அது பழைய தூசியாகவும் இருக்கலாம். சாக்கை எடுத்து வெளியே போடலாம் என்று ஏணி வைத்தேன். அசைத்தால் பறக்குமே என்று இறங்கிவிட்டேன். போட்டாலும் எங்கே போடுவது? மஞ்சள் டேப்பைத் தாண்டிப் போனால் பிடிப்பார்கள். ஓடையில் போட்டால் ஊரே குடிக்கும்.

ஆகவே கட்டிலை நகர்த்த முடிவெடுத்தேன். நித்திலாவிடம், "பரண்ல பேய் இருக்கு, நீ இனிமே ஹால்ல படு" என்றேன்.

யோசித்தாள். "பனி அங்கருந்துதான விழுந்துச்சு?"

"ஆமா."

"அப்ப நல்ல பேய்தான் அண்ணா. மிச்சம் பனி இருக்கான்னு நான் ஏறிப் பாக்கட்டா?"

சொல்லிக்கொண்டே ஏணியில் இரண்டு படி ஏறிவிட்டாள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்துக் கத்திவிட்டேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. அவளைப் பார்த்து நான் கத்தியதே கிடையாது. அழுதாள். அழுதால் இளைப்பு வரும். வந்தது. பம்ப் அடித்து, முதுகைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

இப்போது ஹாலில்தான் படுக்கிறாள். என்னோடு பேசுவதில்லை.

மே 14, புதன்

போஜன் வந்தான். பின்பக்கம் கூட்டிப்போனான்.

"குணா, நம்ம பனி... அதுதானா?"

"எது?"

"நடிக்காத மச்சி. நானும் அந்த ரூம்லதான் நின்னேன். ஆறு பசங்க நின்னாங்க. எங்க வீட்ல சொல்லிரட்டுமா?"

"ரெண்டு நாள் பொறு."

"ரெண்டு நாள்ல என்ன பண்ணுவ? திருப்பி இழுத்து வெளிய எடுத்துருவியா?" என்றான். போகும்போது, "நீ ஏன்டா அந்தச் சுரங்கத்துக்குள்ள போன? நான் சும்மா வாய்க்கு வந்ததச் சொன்னேன்டா" என்றான். அழுதுகொண்டிருந்தான். அவனிடம் ஒன்று சொல்ல இருந்தது. சொல்லவில்லை.

மே 15, வியாழன்

குவார்ட்டர்ஸ் வாசலில் மேஜை போட்டு ஃபரீதா மேடம் பெயர் எழுதினார். பழைய வெள்ளையைத் தொட்டவர்கள், உரித்தவர்கள், வீட்டுக்குக் கொண்டுபோனவர்கள் பெயர் கொடுக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை எக்ஸ்ரே வண்டி வரும்.

பெயர் கொடுத்தால் குழாய் வேலையிலிருந்து ஒதுக்கிவிடுவார்கள் என்று ஒரு பேச்சு. மேடம், "அப்படியெல்லாம் இல்லைங்க" என்றார். யாரும் நம்பவில்லை. கூட்டத்தின் இந்தக் கடைசியில் நான் நின்றேன். அந்தக் கடைசியில் அப்பா நின்றார், மீசையை முறுக்கியபடி. இருவர் கண்ணும் ஒரு முறை பட்டது. அவர் வேறு பக்கம் பார்த்தார். நானும்.

பதினாலு பேர் பெயர் கொடுத்தார்கள். இருவர் கொடுக்கவில்லை. அதாவது, எனக்குத் தெரிந்து இருவர்.

மே 17, சனி

மத்தியானம் சோறு சாப்பிடும்போது நித்திலாவுக்கு இளைப்பு வந்துவிட்டது. பம்ப் கேட்கவில்லை. உதடு நீலம் பாய்ந்தது. அப்பா தூக்கிக்கொண்டு ஓடினார், நான் பின்னாலேயே வெறுங்காலோடு. ஆஸ்பத்திரியில் முகத்தில் மாஸ்க் வைத்து மருந்துப் புகை விட்டார்கள். கழுத்துக் குழி உள்ளே இழுத்து இழுத்துப் போயிற்று.

டாக்டர் கேட்டார்: "வீட்ல புதுசா தூசி, பஞ்சு, பெயின்ட் ஏதாவது உண்டா?"

"ஒண்ணுமில்லைங்க டாக்டர். இவன் தினம் ரெண்டு தடவை வீட்டையே தொடைக்கிறான்" என்று அம்மா என் தலையைத் தடவினார்.

நான் அங்கேதான் நின்றேன்.

மே 18, ஞாயிறு

மூச்சு சீராகிவிட்டது. நாளைக்கு வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்றார்கள். அம்மா, "கட்டிலை மறுபடி உள்ளயே போட்ரலாம், ஹால்ல குளிரு" என்றார்.

அப்பா வெளியே பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நாலைந்து விதமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. பிறந்தநாள், பரண், பனி, மிச்சச் சாக்கு என்று தலைகால் இல்லாமல் கொட்டினேன்.

அப்பா அடிப்பார் என்று காத்திருந்தேன். கையிலிருந்த டீ ஆடை கட்டியது.

"எவ்வளவு நேரம் பெஞ்சுச்சு?" என்றார்.

"என்னதுப்பா?"

"பனி."

"கால் மணி நேரம்."

தலையை ஆட்டினார். தரையைப் பார்த்தபடியே, "நான் இருபத்திரண்டு வருஷம்டா" என்றார். பிறகு இருமினார். எழுதக்கூடாது என்று வைத்திருந்தேன். அது ஒரு மாதிரியான இருமல். அடியிலிருந்து எதையோ பெயர்ப்பது மாதிரி. எத்தனை வருடமாக அந்தச் சத்தம் வீட்டில் இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். நான் பிறந்ததிலிருந்து என்று தோன்றுகிறது.

"வா. சாக்கை நானே தூக்கிப் போட்ரேன். எனக்கு இனிமே என்ன?" என்று எழுந்தார்.

"தொடாதீங்கப்பா!"

ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். விடவில்லை. கடைசியில் அவரே போனை எடுத்து ஃபரீதா மேடத்துக்குப் பேசினார்.

மே 19, திங்கள்

வெள்ளை உடுப்புக்காரர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். குவார்ட்டர்ஸ் மொத்தமும் வேடிக்கை பார்த்தது. பரணை நனைத்து, சாக்கை இரட்டைப் பிளாஸ்டிக்கில் கட்டி இறக்கினார்கள். மேடம் அதன்மேல் சீட்டு ஒட்டி, பேனாவைத் திறந்தார்.

"எங்க எடுத்த தம்பி?"

போஜன் பார்த்துக்கொண்டிருந்தான். சல்யூட் அடித்த பையன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சுரங்கத்துலங்க மேடம். மூணாவது வளைவுல."

மேடத்தின் முகம் மாறிவிட்டது. "வாசல்ல எடுத்த சாம்பிளே ரொம்ப மோசம். உள்ள நீ பிச்சிருந்தா அது திறந்து கிடக்கு. காத்து இழுத்தா பில்டிங் பூரா பறக்கும். இன்னைக்கே ஆளு போய் மூடணும். உள்ள வழி தெரிஞ்சவங்க யாரு?"

அப்பா என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "நான் போறேன் மேடம்" என்றார்.

"உடுப்பு, மாஸ்க் தர்றோம். ஆனா மூஞ்சில முடி இருந்தா மாஸ்க் ஒட்டி உக்காராது. மீசையை எடுக்கணுங்க."

அப்பாவின் மீசை கல்யாணப் போட்டோவிலேயே இருக்கிறது. என்னைவிட மூத்தது. குழாயடியில் கண்ணாடியை மாட்டி, சோப்பு நுரை தடவி, ரேசரை எடுத்தார். நான் பக்கத்தில் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வலது பக்கம் போய்விட்டது. நுரையோடு கறுப்பும் நரையும் கலந்து ஓடியது. இந்த மனிதர் மறுபடி அதற்குள் போகப்போகிறார், இல்லாத ஒன்றைத் தேடி.

அப்போது நான் அவரிடம் ஒரு விஷயம் சொன்னேன். என்ன என்பது இங்கே அவசியமில்லை.

அப்பா ரேசரைக் கீழே வைத்தார். பிறகு எடுத்து மறுபக்கத்தையும் மழித்தார். பாதி மீசையோடு மேடத்திடம் போக முடியாதல்லவா. அவரிடமும் அதே விஷயத்தை நானே சொன்னேன். எல்லார் முன்னாலும். போஜன் வாயைப் பிளந்தான். மேடம் சாக்கின்மேல் ஒட்டியிருந்த சீட்டைக் கிழித்துவிட்டு வேறு சீட்டு எழுதினார்.

மே 20, செவ்வாய்

எக்ஸ்ரே வண்டி வந்தது. பட்டியலில் பதினைந்தாவது மாசிலாமணி, பதினாறாவது குணசீலன். அதற்குக் கீழே போஜன், நித்திலா, அந்த ஆறு பேர். பிள்ளைகளுக்கு எக்ஸ்ரே எடுக்கவில்லை. இப்போது எடுத்தால் ஒன்றும் தெரியாதாம், சாக்கு ரிப்போர்ட் வரட்டும் என்றார்கள். எங்கள் வீட்டில் அப்பா மட்டும் உள்ளே போனார். "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று குரல் வந்தது. உடனே இருமல். மறுபடி "பிடிங்க." மறுபடி இருமல். நாலு தடவை.

வெளியே நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன், அவருக்குப் பதிலாக அது செல்லுபடியாகும் என்பது மாதிரி.

மே 23, வெள்ளி

சாக்கு ரிப்போர்ட் வந்துவிட்டது. கண்ணாடி நாரும் சுண்ணாம்பும். ஆஸ்பெஸ்டாஸ் இல்லை. பிற்பாடு கட்டிய லைப்ரரிப் பகுதியின் குழாய்களில் சுற்றியிருந்தது. அரித்ததும் அதனால்தான். "இதுவும் மூச்சுக்கு நல்லதில்ல. பாப்பாவுக்கு இளைப்பு வந்தது இதனாலதான் இருக்கணும். ஆனா நீ பயந்துக்கிட்டிருந்த அது இல்ல" என்றார் மேடம். ஆறு வீட்டுக்கும் போய் அவரே சொன்னார். நானும் கூடவே போய்த் திட்டு வாங்கினேன். நித்திலா பேச ஆரம்பித்துவிட்டாள். முதல் வார்த்தை "பொய்க்காரா."

அப்பாவின் எக்ஸ்ரேயில் இரண்டு பக்கமும் அடியில் ஏதோ திட்டுத்திட்டாகத் தெரிகிறதாம். திங்கட்கிழமை கோயம்புத்தூரில் ஸ்கேன்.

திருத்தம்: மே 4ஆம் தேதிக் குறிப்பை அடித்துவிட்டுப் பின்வருமாறு வாசிக்கவும்.

நான் சுரங்கத்துக்குள் போகவில்லை. மூன்று படி இறங்கினேன். நான்காவதில் கால் வைக்கும்போது மேலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் கழுத்தில் விழுந்தது. "அம்மா" என்று அலறிக்கொண்டு பாய்லர் அறையின் பின்கதவு வழியாக ஓடினேன். லைப்ரரிக்குப் பின்னால், உரித்த குப்பையைச் சாக்குச் சாக்காக அடுக்கியிருந்தார்கள். அதில் ஒன்றைத் தூக்கிக்கொண்டேன். எலியைப் பார்க்கவில்லை, எலியைவிடப் பெரிதாக எதையும் பார்க்கவில்லை. கால் நன்றாகவே நடுங்கியது. நான் எழுதிய அளவுக்கு வீரனாக இருந்திருந்தால் அன்றைக்கு நித்திலாவின் நாக்கில் விழுந்திருக்கக்கூடியது வேறு.

இன்று சாயங்காலம் அப்பாவிடம் கேட்டேன். "சுரங்கத்துல மொத்தம் எத்தனை வளைவுப்பா?"

"வளைவே கெடையாதுடா. நூல் புடிச்ச மாதிரி நேராப் போகும்."

"அப்ப நான் சொன்னப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு மீசையை எடுத்தீங்க?"

"நீயா சொல்லுவன்னு பாத்தேன். பாதி மீசையை எடுக்க வெச்சுட்டியேடா" என்று வெறும் மேலுதட்டைத் தடவினார். மீசை இல்லாத அந்த முகம் எனக்குப் பழக்கமில்லை. சின்னதாகத் தெரிகிறது. பயப்படுகிற முகமாகவும் தெரிகிறது.

எங்கள் வீட்டில் உண்மையாகவே சுரங்கத்துக்குள் போனவர் ஒருவர்தான். அவர் அதை யாரிடமும் பெருமையாகச் சொன்னதே இல்லை.

"திங்கக்கெழம துணைக்கு வர்றியா?" என்று கேட்டார். "ஓ, நான் இருக்கேன்ல, நீங்க பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டேன். அதுவும் பொய்தான். இதை எழுதும்போதே கை நடுங்குகிறது.